பாலைவனம் பார்க்கப் புறப்படுமுன்...



1996 ஜூலை மாதம். ஜேர்மனியிலிருந்து விடுமுறைக்கு அமெரிக்கா சென்ற பெரியவர்கள் இருவரும் சிறுவர்கள் இருவரும் வாடகை வேன் ஒன்றில் கலிபோர்னியாவின் 'மரணப் பள்ளத்தாக்கு'க்குள் போனார்கள். திரும்பி வரவில்லை. ஒக்டோபரில், ஆள் நடமாட்டமற்ற ஓரிடத்தில், டயர்கள் காற்றிறங்கிய நிலையில் வேன் மட்டும் கிடைத்தது. பெரியவர்களின் எச்சங்கள் 2009இல்தான், அங்கிருந்து பல மைல்களுக்கு அப்பால் கண்டெடுக்கப்பட்டன.

பெயர் பயமுறுத்தினாலும் பார்க்க வேண்டிய இடம்தான் இது. கடல் மட்டத்துக்கு 86 மீற்றர் கீழே வெண்மையாய் விரிந்த உப்புத் தரை; அதற்கு எதிரே 3,000 மீற்றரைத் தாண்டி உயர்ந்த மலை. 1994இல் தேசியப் பூங்காவான இதன் பரப்பு இலங்கையின் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு. 1913 ஜூலை 10இல் இங்கு பதிவான 56.7 பாகை செல்சியஸ்தான் இன்றும் உலகின் அதிகூடிய வெப்பநிலையாக ஏற்கப்பட்டுள்ளது.

"வெயில் நமக்குப் புதிதா?" என்று கேட்பீர்கள். நமது வெயிலில் வியர்வை உடலில் வழியும், உடுப்பு நனையும், தண்ணீர் குடிக்கச் சொல்லி உடம்பே நினைவூட்டும். பாலைவனத்தின் வரண்ட காற்றில் வியர்வை வந்த உடனேயே காய்ந்துவிடும். வியர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே உடம்பு நீரை இழந்துகொண்டிருக்கும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

எனவே, பயணத்தை வீட்டிலிருந்தே திட்டமிடுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரையான காலமே உகந்தது. கோடையில்தான் போக நேர்ந்தால் தார் வீதியை விட்டு இறங்காதீர்கள். காலை 10 மணிக்குப் பிறகு தாழ்நிலத்தில் நடைப்பயணம் வேண்டாம்.

ஒருவருக்கு நாளொன்றுக்கு குறைந்தது 4 லீற்றர் தண்ணீர் கொண்டு செல்லுங்கள். வாகனம் பழுதானால் உதவும்படி அதற்கு மேலதிகமாகவும் வைத்திருங்கள். தண்ணீரோடு உப்புச் சேர்ந்த சிற்றுணவும் தேவை. உள்ளே எரிபொருள் நிலையங்கள் குறைவு. தாங்கியை முன்கூட்டியே நிரப்புங்கள். மேலதிக டயரில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள்.

கையடக்கத் தொலைபேசி பூங்காவின் பெரும்பகுதியில் வேலை செய்யாது. அது காட்டும் வழியை மட்டும் நம்பாமல் அச்சிட்ட வரைபடமும் வைத்திருங்கள். எந்த வழியாகப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை ஒருவரிடம் சொல்லிவிட்டே புறப்படுங்கள். சொல்லாமல் போனவரை எங்கே தேடுவது?

தலைவலி, தலைச்சுற்று, குமட்டல் வந்தால் உடனே நிழலுக்குப் போய், உடலை நனைத்து, சிறிது சிறிதாகத் தண்ணீர் பருகுங்கள். பேச்சுத் தடுமாறினால், மயக்கம் வந்தால் அது உயிராபத்து. தாமதியாமல் உதவி கோருங்கள். பிள்ளைகளை நிறுத்திய வாகனத்துக்குள் ஒரு நிமிடமும் தனியே விடாதீர்கள்.

மழையையும் மறக்க வேண்டாம். 2022 ஓகஸ்ட் 5இல் பெய்த ஒன்றரை அங்குலத்துக்கும் சற்றுக் குறைந்த மழை வீதிகளை அடித்துச் சென்று, சுமார் ஆயிரம் பேரை அங்கேயே முடக்கிவிட்டது.

உதவி உடனே வரும் என்றும் எண்ணக் கூடாது. 2024 ஜூலையில் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் வெப்பத்தால் அங்கு உயிரிழந்தார். கடும் வெப்பத்தில் ஹெலிகொப்டர் பறக்க முடியாததால் அவரது நண்பர் தரைவழியாகவே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. வாகனம் பழுதாகி நின்றுவிட்டால் அதை விட்டு நடக்காதீர்கள். அதன் நிழலிலேயே இருங்கள். தேடி வருவோரின் கண்ணுக்கு நடந்து போகும் மனிதன் புள்ளியாகவும் தெரியமாட்டான், வாகனம் தெரியும். அந்த நால்வரின் விடயத்திலும் முதலில் கிடைத்தது அந்த வேன்தான்.