சொல்லை மாற்றினாற் சொந்தமாகுமா?

பலர் கூடி எழுதும் வாழ்க்கை வரலாறுகளை மூல நூல்களோடு ஒப்பிட்டுச் சோதிப்போரைப் பொதுச்சொத்துக்கு வேலியடைக்க வந்தவர்கள் என்று ஏளனஞ் செய்யும் முற்போக்கு அன்பர் சிலர் நம்மிடையே உளர். அறிவு தனியுடைமையன்று; ஆதலின் பிறர் எழுதியதைச் சிறிது மாற்றி எழுதுதல் குற்றமாகாது என்பது அவர்தம் வாதம். கேட்பதற்கு இனிய வாதந்தான். உழைப்பின் பெறுமதி பற்றி மேடைதோறும் பேசுவோர் வாயில் அது பிறப்பதே விந்தை!

2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் விபுலாநந்த அடிகளைப் பற்றி மாணவர் சிலர் எழுதப் புகுகின்றனர் என்று கொள்வோம். அடிகள் 1892 இல் காரைதீவிற் பிறந்தார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். 1947 இல் யாழ்நூல் வெளிவந்தது. இவை செய்திகள், எவருக்கும் உடைமையல்ல. இலங்கையின் 2003 ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டமும் வெறுஞ் செய்திக்குக் காவல் நிற்பதில்லை. ஆனால், 'கணிதமும் விஞ்ஞானமும் கற்றவராதலினாலேயே அவர் பழந்தமிழ் யாழின் சுருதிகளை அளந்தறிய முற்பட்டார்' என்று ஓர் ஆய்வாளர் எழுதியிருப்பின், அந்த 'ஆதலினாலேயே' என்பது அவருடையது. பல்லாண்டுக் கல்வி அந்த ஒரு சொல்லில் அடங்கியுள்ளது. 'விஞ்ஞானமும் கணிதமும் பயின்றமையாலேயே தொன்மைத் தமிழ் யாழின் சுருதிகளை அளவிட்டறிய முனைந்தார்' என்று மாணவர் எழுதுகின்றனர். சொற்கள் மாறின, வாக்கியத்தின் எலும்புக்கூடும் முடிபும் அப்படியே உள்ளன. ஆய்வாளர் பெயர் மாத்திரம் மறைந்துவிட்டது.

இத்தகைய ஒப்புமையைக் கணினி பிடித்துவிடும் என்று நம்புவோரும் உளர். ஒரே சொற்றொடர் இரண்டிடத்து வருவதையே அது பெரும்பாலும் காண்கின்றது. விகுதி மாறிப் புணர்ச்சி மாறி வருந் தமிழ்ச் சொல் அதன் வலையில் எளிதில் அகப்படாது. ஆங்கில நூலொன்றை வரிக்கு வரி தமிழாக்கிவிட்டால் அகப்படுதல் இன்னும் அரிது. நூறு விழுக்காடு தூயதென்று கருவி கூறியமை ஒரு நற்சான்றிதழாகுமா?

மரபைத் துணைக்கழைப்போருக்கும் ஒரு சொல். தொல்காப்பியம் வழிநூலுக்கு இடமளித்தது உண்மை. தொகுத்தலையும் விரித்தலையும் மொழிபெயர்த்தலையும் அது ஒப்பியது. ஆயின் சிறப்புப் பாயிரத்தில் ஆக்கியோன் பெயரை அடுத்து 'வழி'யையும் கூறுக என்று நன்னூல் விதித்ததை ஏன் மறந்தனர்? மூலத்தை மறைப்பவனுக்கு அந்த மரபில் இடமில்லை.

இதனால் விளையுங் கேடு ஆய்வாளரோடு நிற்பதன்று. மூல நூலில் ஓர் ஆண்டு பிழைபட்டிருப்பின், சொல் மாற்றியவர் அதனையும் சுமந்து வருகின்றார். பின்வருவோர் இரண்டையும் இருவேறு சான்றுகளென எண்ணி மயங்குகின்றனர். ஊரூராகச் சென்று முதியோர் வாய்மொழியைத் திரட்டிய கிராமத்து ஆசிரியர் ஒருவரின் சிறு பிரசுரமே பெரும்பாலும் இவ்வாறு விழுங்கப்படுகின்றது. பெரும் பேராசிரியரின் நூலைத் தொட அஞ்சுவோர் இதனைத் தொட அஞ்சுவதில்லை.

பலர் எழுதியது, யாரைக் கேட்பது என்பதும் சாட்டே. விக்கிப்பீடியாவின் ஒவ்வொரு மாற்றமும் இன்ன கணக்கினால் இன்ன நேரத்திற் செய்யப்பட்டதென்று வரலாற்றுப் பக்கத்திற் பதிவாகின்றது. அதனைத் திறந்து, மூல நூலைப் பக்கத்தில் வைத்து, வாக்கிய ஒழுங்கையும் தெரிந்தெடுத்த செய்திகளையும் ஒப்பிடுக. எழுதுவோரும் மூலங்கள் சிலவற்றைப் படித்து, அவற்றை மூடி வைத்துவிட்டு எழுதட்டும்; முடிபு பிறருடையதாயின் அவர் பெயரை வாக்கியத்திலேயே கூறட்டும்.