கரீம் அப்துல் ஜப்பார் "நம்மவர்" என்பதால் மட்டும் பெரிய வீரரா?



"நம்மவர், அதனால்தான் தலைசிறந்த வீரர்" என்று கரீம் அப்துல் ஜப்பாரின் படத்துடன் வரும் பதிவுகளை நாம் யோசிக்காமல் பகிர்கிறோம். ஆசிரியர்களாகிய நாமும்தான். அது அவருக்கு நாம் செய்யும் கௌரவம் அல்ல, அநியாயம்.

அவர் இஸ்லாத்தைத் தழுவியது 1968இல். அதற்கு முன், 1967இலேயே, லூ அல்சின்டர் என்ற பெயரில் யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணியோடு அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தாட்டச் சம்பியன் பட்டத்தை வென்றுவிட்டார். ஆகவே மார்க்கத்தை ஆதாரமாக இழுக்க வேண்டாம். ஆட்டத்தைப் பார்ப்போம்.

"ஏழடி இரண்டு அங்குலம் இருந்தால் யாரும் வெல்லலாம்" என்கிறார்கள் சிலர். அப்படியா? 1967 பருவம் முடிந்ததும், பந்தை மேலிருந்து வளையத்துக்குள் அடிக்கும் 'டங்க்' கல்லூரிப் போட்டிகளில் தடை செய்யப்பட்டது. அவரை மடக்கத்தான் அந்த விதி என்று அன்றே பேசினார்கள். உயரத்தின் பெரிய அனுகூலம் போய்விட்டது. அவரோ ஒற்றைக் கையால் தலைக்கு மேலாக எறியும் 'ஸ்கை ஹூக்'கை இன்னும் கூர்மையாக்கினார். 1968, 1969 பட்டங்கள் தடைக்குப் பிறகு வந்தவை.

"எல்லாம் பயிற்றுநர் ஜோன் வுடனின் திறமை" என்பது அடுத்த வாதம். அதில் உண்மை உண்டு. 1964, 1965, 1970 பட்டங்கள் அல்சின்டர் இல்லாமல் வந்தவைதான். ஆனால் முதலாம் வருட மாணவர் பிரதான அணியில் ஆட முடியாது என்ற விதியால் அவர் வெளியே இருந்த 1966இல், அதே பயிற்றுநருக்குப் பட்டம் கிடைக்கவில்லை. அந்தப் பருவத் தொடக்கத்தில், நடப்புச் சம்பியனான பிரதான அணியையே அவருடைய முதலாம் வருட அணி 75க்கு 60 என்று தோற்கடித்திருந்தது. பிறகு அவர் ஆடிய மூன்று பருவங்களில் அணிக்கு 88 வெற்றி, 2 தோல்வி.

வகுப்பில் நம்முடைய பிள்ளை என்பதற்காக நாம் கூடுதல் புள்ளி போடுவோமா? போட்டால் அந்தப் பிள்ளை உழைத்து எடுத்த புள்ளியையும் ஊர் சந்தேகிக்கும். கரீமுக்கு நாம் செய்துகொண்டிருப்பதும் அதுதான். நமது பதிவுகளை மாணவர்களும் பார்க்கிறார்கள். அடுத்த முறை அவர் படத்தைப் பகிரும்போது, "நம்மவர்" என்பதை விட்டுவிட்டு, அந்தத் தடைக்குப் பிறகு அவர் எப்படி ஆடினார் என்பதை எழுதுவோம்.