ஒரு பருவமும் ஒரு புள்ளியும்

கடலை நம்பி வாழ்கிறவர்களுக்குப் பருவம் என்னும் சொல்லின் பொருளை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. பாரில் சிப்பி விளைந்த ஆண்டுகளும் உண்டு. விளையாமல் வெறுமையாய்க் கிடந்த ஆண்டுகளும் உண்டு. 1961-க்குப் பின் தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. ஆயினும் வேம்பார் முதல் மணப்பாடு வரை முத்தின் பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை. நல்ல பருவம் ஒன்று வந்து போனால், அதன் நினைவு தலைமுறைகளைக் கடந்து நிற்கிறது.

இத்திங்கள் நாம் பேச எடுத்துக்கொண்டது வேறொரு பருவம், பந்தாட்டப் பருவம். வெயில் தாழ்ந்ததும் நம் கடற்கரை மணலில் பந்துதைக்கும் பிள்ளைகளைக் காணாத ஊர் அரிது. அவர்களை வீட்டுக்கு அழைக்கும் தாய்மார் கேட்கும் கேள்வியும் எங்கும் ஒன்றே: "பந்தை உதைத்தால் சோறு கிடைக்குமா?" இக்கேள்வியை ஏளனம் செய்தல் தகாது. விடை காண ஓர் அணியின் கதை நமக்கு உதவும்.

இந்தியாவில் தேசியக் கால்பந்து லீக் 1996-இல் தொடங்கிற்று. 2007-இல் அது ஐ-லீக் என்று பெயர் பெற்றது. கொல்கத்தாவும் கோவாவும் ஆண்ட அந்தப் பந்தயத்தில் தமிழகத்து அணி ஒன்றேனும் வாகை சூடியதில்லை. (சென்னையின் எஃப்.சி. 2015-இலும் 2018-இலும் வென்ற இந்தியன் சூப்பர் லீக் வேறு.) 2017-இல் ஐ-லீக்கில் நுழைந்த சென்னை சிட்டி அணியைப் பெரிதாக எண்ணியவர் சிலரே. 2017-18 பருவத்தில் பத்து அணிகளுள் அதற்குக் கிடைத்தது எட்டாம் இடம். அந்த ஆண்டு அணியில் ஒளிர்ந்தவர், குமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறையில் மீனவக் குடும்பத்தில் பிறந்த மைக்கேல் சூசைராஜ். அவரும் அடுத்த பருவத்துக்குமுன் ஜாம்ஷெட்பூர் அணிக்குச் சென்றுவிட்டார்.

இந்நிலையில் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். ஸ்பெயின் நாட்டிலிருந்து பெத்ரோ மான்சி, நெஸ்டர், சாண்ட்ரோ, எஸ்லாவா ஆகிய நால்வர் வந்தனர். ஏனையோர் பெரும்பாலும் பெயர் அறியப்படாத இளைஞர். பெயரில் சென்னை இருந்தாலும் அணியின் சொந்தக் களம் கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கமே. 2018 அக்டோபர் 26 அன்று அங்கு நடந்த முதல் ஆட்டத்தில் இந்தியன் ஆரோஸ் அணியை 4-1 என்று வென்றது சென்னை சிட்டி. மூன்று கோல்கள் மான்சியுடையவை. பந்தைத் தூக்கியடித்துத் துரத்தாமல், தரையோடு தரையாகக் கைமாற்றி முன்னேறும் ஆட்டம் அது. ஒருவனுடைய திறமையைக் காட்டிலும் பதினொருவருடைய பொறுமையை வேண்டுகிற ஆட்டம்.

பருவத்தின் முடிவில்தான் சோதனை வந்தது. 2019 மார்ச் 1 அன்று கோவாவில் சர்ச்சில் பிரதர்ஸிடம் 3-2 என்று தோற்றபோது, கைக்கெட்டிய கோப்பை நழுவிற்றோ என்று பலரும் கலங்கினர். சென்னைக்கு 40 புள்ளிகள். பின்தொடர்ந்த ஈஸ்ட் பெங்காலுக்கு 39. எஞ்சியது ஒரே ஆட்டம்.

மார்ச் 9 அன்று கோவையில் முந்தைய ஆண்டின் வெற்றியாளரான மினெர்வா பஞ்சாப் எதிரில் நின்றது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலம் கேரளத்தை எதிர்த்து ஆடிற்று. மூன்றாவது நிமிடத்திலேயே மினெர்வா கோல் போட்டது. இடைவேளை வரை சென்னைக்கு ஒன்றும் வாய்க்கவில்லை. 56-ஆம் நிமிடத்தில் கிடைத்த பெனால்டியை மான்சி கோலாக்கினார். அதன்பின் வெற்றியைத் தேடித் தந்தவர் எவரும் எதிர்பாராத ஒருவர்: கோலைக் காப்பதையே கடமையாகக் கொண்ட தற்காப்பு ஆட்டக்காரர் கௌரவ் போரா. 69-ஆம் நிமிடத்தில் ஒன்றும், ஆட்டம் முடியும் தறுவாயில் மற்றொன்றும் அவர் அடித்தார். கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் 2-1 என்று வென்றது, ஆயினும் பயனில்லை. இருபது ஆட்டங்களில் 13 வெற்றி, 4 சமநிலை, 3 தோல்வி, 43 புள்ளிகள். ஒரே ஒரு புள்ளி மிகுதியால் தேசியக் கோப்பை முதன்முறையாகத் தமிழகம் வந்தது. 21 கோல்கள் அடித்த மான்சி அப்பருவத்தில் மிகுதியான கோல் அடித்த இருவருள் ஒருவரானார்.

கதை இத்துடன் முடிந்திருப்பின் நாம் கைதட்டிவிட்டு எழுந்து போயிருக்கலாம். வென்ற அணிக்கு மேல்நிலையான சூப்பர் லீக்கின் கதவு அப்போது திறக்கப்படவில்லை. ஐ-லீக்கில் வென்று அவ்வழியாக முதலில் நுழைந்தது பஞ்சாப் அணி, அது 2023-இல். 2020 தொடக்கத்தில் மான்சி ஜப்பான் சென்றார். ஆசியப் போட்டியில் பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் 1-0 என்று சென்னை தோற்றது. பின் கொள்ளைநோய்க் காலம் வந்தது. 2021-22 பருவத்தின் பட்டியலில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. கோப்பை வென்ற மூன்றே ஆண்டுகளில் களம் வெறுமையாயிற்று.

இங்கே கடல் கடந்த ஓர் ஊரை நினைத்துப் பார்ப்பது தகும். அமெரிக்காவில் மிச்சிகன் ஏரியின் கரையில் கிரீன் பே என்னும் சிற்றூர் போன்ற நகரம் உள்ளது. மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு லட்சம். அந்நாட்டுக்கே உரிய, பந்தைக் கையிலேந்தி ஓடும் கால்பந்தில் அவ்வூருக்கு ஓர் அணி உண்டு, பெயர் பேக்கர்ஸ். 1919-இல் தோன்றிய அந்த அணி பணமுடையால் தள்ளாடியபோது, 1923-இல் ஊர் மக்களே ஐந்து டாலர் வீதம் பங்கு வாங்கித் தாங்கினர். அப்பங்குக்கு லாபம் எதுவும் கிடையாது. அணி நம்முடையது என்னும் உரிமை ஒன்றே கிடைக்கும். நியூயார்க், சிகாகோ போன்ற மாநகர அணிகளுக்கு நடுவே அந்தச் சிறிய ஊரின் அணி நூறாண்டு கடந்தும் நிற்கிறது; பதின்மூன்று முறை வாகையும் சூடியிருக்கிறது. தோற்ற பருவங்கள் அதற்கும் பல. ஆனால் தோல்வியில் கைவிட அங்கு ஆள் இல்லை.

இரண்டையும் ஒப்பிட்டால் உண்மை விளங்கும். திறமை ஒரு பருவத்தை வென்று தரும். அடுத்த பருவத்துக்கும் அணியை நிற்கச் செய்வது ஊரின் பற்றே. வெளியூர்ப் பணமும் வெளிநாட்டு ஆட்டக்காரரும் வரலாம், போகலாம். மண்ணில் வேர் ஊன்றியதே தங்கும்.

எனவே, தாய்மாரின் கேள்விக்கு நம் விடை இதுவே. பந்து மட்டும் சோறு போடும் என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்களிக்க இயலாது. கோப்பை வென்ற அணியே மூன்றாண்டில் மறைந்தது என்றால், ஆட்டக்காரனின் கால் முறிந்தால் என்னாகும்? ஆகவே பள்ளிப் படிப்பைப் பந்துக்காக நிறுத்துவது பேதைமை. ஆனால் படிப்பின் பெயரால் பந்தைப் பிடுங்குவதும் நன்றன்று. தோல்விக்குப் பின் எட்டு நாளில் மீண்டும் எழுந்து நிற்கவும், தன் புகழை விடத் தோழனின் காலுக்குப் பந்து சேர்வதே பெரிதென்று எண்ணவும் மைதானம் கற்பிப்பதைப் போல் வேறெதுவும் எளிதில் கற்பிப்பதில்லை.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஊர்த் திருவிழாவுக்கு வரி கட்டுகிறோம். அன்று மாலை ஒரு கோப்பைப் போட்டி நடத்தி மகிழ்கிறோம். மறுநாள் பிள்ளைகள் விளையாட முள்ளும் கண்ணாடிச் சில்லும் இல்லாத ஓர் இடம் இருக்கிறதா என்று எண்ணுவதில்லை. துப்புரவான ஒரு மைதானம், இரண்டு கோல் கம்பங்கள், வாரத்தில் இருநாள் பயிற்றுவிக்க மனமுள்ள பழைய ஆட்டக்காரர் ஒருவர். இதற்குக் கோடிப் பணம் வேண்டாம். வீட்டுக்கு ஒரு சிறு தொகை போதும். அதை ஒருவர் பொறுப்பில் விடாமல் ஊரே ஏற்றுக்கொள்ளட்டும். அப்போது பந்து உதைக்கும் பிள்ளையும் பார்த்து நிற்கும் தாயும் ஒரே அணியைச் சேர்ந்தவர்களாவர்.