பஸ் ஜன்னலில் பார்த்த ஆதிச்சநல்லூர்

பேத்தி ஜெர்மனியில் மக்டபர்க்கில் எம்.எஸ். படிக்கிறாள். ஈஸ்டர் விடுமுறையில் தோழிகள் மூன்று பேருடன் கிளம்பி, பிராக், வியன்னா, பெர்லின் மூன்றையும் ஆறே நாளில் சுற்றிவிட்டு வந்தாள். ராத்திரி பஸ்ஸில் தூக்கம். ஒரே அறையில் எட்டுப் பேர் படுக்கும் விடுதி. கையில் ரொட்டியும் இங்கிருந்து போன எலுமிச்சங்காய் ஊறுகாயும். அங்கே படிக்கிற பிள்ளைகள் பலரும் இப்படித்தான் ஊர் பார்க்கிறார்களாம். ஜெர்மனியில் தங்கிப் படிக்கும் அனுமதி அட்டை இருந்தால் மற்ற செங்கன் நாடுகளுக்குச் சுற்றிப் பார்க்கப் போகத் தனி விசா தேவையில்லை.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நூற்று நாற்பது படம் வந்து விழுந்தது. "ஆறு நாள்ல மூணு ஊரா? செல்ஃபி எடுக்கவே நேரம் சரியாப் போயிருக்கும்" என்று அவள் சித்தப்பா எழுதினான். அதற்கு நானும் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். ஓய்வுபெற்றவனுக்கு அதில் என்ன செலவு?

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசினாள். பிராக்கில் உள்ள சார்லஸ் பாலத்தைப் பற்றிச் சொன்னாள். 1357-ல் கட்டத் தொடங்கியதாம். இப்போது கார், பஸ் எதுவும் கிடையாது, நடந்துதான் போக வேண்டுமாம். எனக்குள் இருந்த திருநெல்வேலிக்காரன் விழித்துக்கொண்டான்.

"நம்ம சுலோசன முதலியார் பாலம் மட்டும் என்ன குறைச்சலா? கலெக்டர் ஆபீஸ்ல சிரஸ்தேதாரா இருந்த மனுசன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டினது. 1843-ல திறந்தாங்க. லண்டன் வாட்டர்லூ பாலத்தைப் பாத்துக் கட்டினது. அந்த லண்டன் பாலத்தை 1930-கள்லயே இடிச்சிட்டு வேற கட்டிட்டாங்க. நம்ம பாலத்துல இன்னிக்கும் பஸ் ஓடுது."

"தாத்தா, அந்தப் பாலத்து வழியாத்தான நான் அஞ்சு வருசம் ஜங்ஷனுக்கு டியூஷன் போனேன்? ஏன் ஒரு நாள்கூட சொல்லல?"

அதற்குப் பதில் இல்லை. பேச்சை பெர்லினுக்கு மாற்றினேன். "பெர்லினுக்கு உனக்கு முன்னாடியே நம்ம ஊர் சாமான் போயிட்டுளா. 1876-ல ஜாகர்னு ஒருத்தர் பெர்லின்ல இருந்து ஆதிச்சநல்லூர் வந்து தோண்டி, கிடைச்சதைக் கொண்டு போயிட்டாரு. பிராகை விட, வியன்னாவை விட நம்மது பழசு."

"நீங்க ஆதிச்சநல்லூர் போயிருக்கீங்களா தாத்தா?"

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஆச்சி சிரித்துவிட்டாள். அவளுக்குத் தெரியும்.

நான் ஸ்ரீவைகுண்டத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். தினமும் பாளையங்கோட்டையிலிருந்து பஸ். ஆதிச்சநல்லூர் பரம்பு அந்த ரோட்டின் ஓரத்திலேயே இருக்கிறது. போக வர என்று கணக்குப் போட்டால் ஆறாயிரம் தடவையாவது அதைக் கடந்திருப்பேன். செம்மண் மேடும் உடைமரமும் கண்ணில் பட்டிருக்கும். ஒரு தடவைகூட இறங்கியதில்லை. ஆறு நாளில் மூன்று ஊர் பார்த்தவளை நான் கேலி செய்திருக்கிறேன்!

அன்றைக்கு ராத்திரி யோசித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். "எங்க ஊர் அதைவிடப் பழசு" என்று சொல்ல, அந்த ஊரில் பிறந்திருப்பது மட்டும் போதாது. போய்ப் பார்த்திருக்க வேண்டும், பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டும் செய்யாமல் அடிக்கிற பெருமை வெறும் வாய்ப்பந்தல்.

அந்த ஊர்களில் ஒரே நாளில் எப்படி இவ்வளவு தெரிந்துகொண்டாய் என்று கேட்டேன். சுவருக்குச் சுவர் ஒரு பலகை, கையில் ஒரு வரைபடம், போதாததற்குக் கூட்டத்தை நடத்திக்கொண்டே கதை சொல்லும் உள்ளூர்ப் பிள்ளைகள். முடிவில் இஷ்டப்பட்டதைக் கொடுத்தால் போதுமாம். நம் பாலத்தில் நின்று நாலு பேரிடம் இதைக் கட்டியது யார் என்று கேட்டுப் பாருங்கள்.

மறு வாரம் ஆச்சியை அழைத்துக்கொண்டு ஆதிச்சநல்லூர் போனேன். தொல்லியல் துறை தோண்டிய குழிகளில் தாழிகளை இருந்த இடத்திலேயே விட்டு, மேலே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். கால் வைக்கவே கூசியது. கீழே இருப்பது யாரோ ஒருவரின் கடைசிப் படுக்கை அல்லவா! ஆச்சி குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "இதைப் பாக்காமலா பதினோரு வருசம் இந்த வழியா போயிட்டு வந்தீய?" என்றாள்.

வியன்னா அரண்மனை மாதிரி இங்கே கண்ணைப் பறிப்பது ஒன்றுமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இது ஒரு இடுகாடு. விவரம் தெரியாதவன் பத்து நிமிஷத்தில் திரும்பிவிடுவான். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ இங்கே எடுத்த வெண்கலப் பாத்திரங்களும் பொன் நெற்றிப்பட்டங்களும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன என்றும், 2004 அகழாய்வில் கிடைத்த பொருள்களைச் சோதித்து கி.மு. 905, கி.மு. 696 என்று காலம் சொன்னார்கள் என்றும் யாராவது பக்கத்தில் நின்று சொன்னால்தான் அந்த மேடு வாய் திறக்கும். அந்த 'யாராவது' நாம்தான். வேறு யார் வரப்போகிறார்கள்?

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பாஸ்போர்ட், ஐஇஎல்டிஎஸ், விசா, வங்கியில் முடக்கி வைக்கும் லட்சங்கள் என்று பிள்ளையை வெளிநாடு அனுப்ப ஒரு வருடம் அலைகிறோம். அதில் இரண்டு நாளை ஆற்றுக்குக் கொடுங்கள். பாபநாசத்தில் ஆரம்பித்து, திருப்புடைமருதூர்க் கோபுரத்துச் சுவரோவியம், நெல்லையப்பர் கோயில் இசைத்தூண், கிருஷ்ணாபுரம் சிற்பம், ஆதிச்சநல்லூர், கடைசியில் கொற்கை. பாண்டியர் துறைமுகமாக இருந்த ஊரிலிருந்து கடல் எவ்வளவு தள்ளிப் போய்விட்டது என்று பிள்ளை நேரில் பார்க்கட்டும். அதைப் பார்த்தவன் பிராகில் நின்றாலும் பெர்லினில் நின்றாலும் வேறு மாதிரி கேள்வி கேட்பான். அவர்களை மட்டம் தட்டுவதற்காக அல்ல. தன் வீட்டுக் கதை தெரிந்தவனுக்குத்தான் அடுத்த வீட்டுக் கதையில் ருசி தெரியும்.

பேத்தி டிசம்பரில் வருகிறாள். குற்றாலம் அப்புறம், முதலில் ஆதிச்சநல்லூர் என்று அவளே சொல்லிவிட்டாள். நான் இப்போதே படித்துக் குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்களும் போய் வாருங்கள். திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறும்போதே ஆதிச்சநல்லூரில் நிற்குமா என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா பஸ்ஸும் நிற்பதில்லை.