எனக்கு ஆடு!

செல்போன் போர் விளையாட்டில் எல்லாரும் பலசாலி வீரனையே எடுக்கிறீர்கள். எங்கள் காடாம்புலியூர்த் திண்ணையில், முந்திரிக்கொட்டை வைத்து ஆடும் ஆடு புலி ஆட்டத்திலும் ‘எனக்குப் புலி’ என்றுதான் சண்டை!

புலி 3, ஆடு 15. புலி தாண்டி வெட்டும், ஆடு வெட்டாது. ஆனால், ஆட்டுக்குப் பின்னால் காலி இடம் இருந்தால்தான் புலி தாண்ட முடியும். அங்கே இன்னோர் ஆட்டை வையுங்கள்; புலி திகைத்து நிற்கும். ஓரத்திலிருந்து துணையோடு நெருக்குங்கள். 3 புலிகளும் நகர முடியாவிட்டால் வெற்றி உங்களுக்கே!

ஆசிரியராக இருந்தபோது, போட்டிகளுக்குக் கெட்டிக்காரப் பிள்ளைகளையே அனுப்பினேன். கடைசி பெஞ்சுப் பிள்ளைகளை அனுப்பியதே இல்லை. இன்றும் அது உறுத்துகிறது.

நீங்களாவது, அடுத்த ஆட்டத்தில் ‘எனக்கு ஆடு’ என்று கேட்டு வாங்குங்கள். செல்போனிலும் யாரும் தொடாத வீரனை எடுத்துப் பழகுங்கள். மூளைக்கு வேலை அங்கேதான்!