நிரல் எழுதினால் போதுமா? போய்ச் சேர வேண்டாமா?

கணினித் துறையில் படிக்கும் நாங்கள் ஒரு திட்டப்பணியை முடித்ததும் முதலில் கேட்டுக்கொள்வது, “எல்லாம் வேலை செய்கிறதா?” என்பதுதான். விரிவுரையாளரும் அதையே கேட்கிறார். மதிப்பெண்ணும் அதற்கே கிடைக்கிறது. விலை குறைந்த ஒரு கைப்பேசியில் அந்தப் பக்கம் திறக்க எத்தனை விநாடி ஆகிறது என்று கேட்பவர் குறைவு. அந்தக் கேள்விக்கும் மதிப்பெண் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

நாம் காணும் இணையப் பக்கத்தின் பின்னால் ஜாவாஸ்கிரிப்ட், சிஎஸ்எஸ், எழுத்துரு, படம் எனப் பல கோப்புகள் உள்ளன. இவை சர்வரிலிருந்து நம் கருவிக்கு வந்து சேர்ந்த பிறகே பக்கம் முழுமை பெறும். விற்பனை, சரக்கிருப்பு, கணக்கு, சம்பளம் என எல்லாவற்றையும் கவனிக்கும் வணிக மென்பொருளில் இத்தகைய கோப்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அவற்றை எப்படி அடுக்குவது, யாருக்கு எதை அனுப்புவது என்பது தனி வேலை.

ஒடூ என்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். பெல்ஜியத்தில் 2005-ஆம் ஆண்டு டைனிஇஆர்பி என்ற பெயரில் தொடங்கி, பின்னர் ஓபன்இஆர்பி ஆகி, 2014-இல் ஒடூ என்று பெயர் மாறியது. இதில் கோப்புகள் தொகுப்புகளாகப் பிரிக்கப்படுகின்றன. வாடிக்கையாளர் பார்க்கும் இணையத்தளத்துக்கு ஒரு தொகுப்பு, அலுவலக ஊழியரின் திரைக்கு ஒன்று, கடைக் கவுண்டர் விற்பனைக்கு இன்னொன்று. 2021-இல் வந்த 15-ஆம் பதிப்பு முதல், எந்தக் கோப்பு எந்தத் தொகுப்பில் சேர வேண்டும் என்பதை ஒவ்வொரு மாட்யூலும் தன் அறிமுகக் கோப்பிலேயே பட்டியலிட்டுவிடுகிறது.

அந்தப் பட்டியலைப் பார்த்து, ஒடூ கோப்புகளை ஒன்றாக இணைக்கிறது. தேவையற்ற இடைவெளிகளையும் குறிப்புகளையும் நீக்கிச் சுருக்குகிறது. தொகுப்பின் முகவரியில் அதன் கோப்புகளைக் கொண்டு கணக்கிட்ட ஓர் அடையாளமும் சேர்கிறது. கோப்புகள் மாறாத வரை முகவரியும் மாறாது. உலாவி முன்பு இறக்கிய கோப்பையே மீண்டும் பயன்படுத்தும். ஓர் எழுத்து மாறினாலும் புதிய முகவரி உருவாகும். புதிய கோப்பு இறங்கும். சில கோப்புகள் தொடக்கத்தில் வருவதே இல்லை. வரைபடம் தீட்டும் சார்ட்.ஜேஎஸ், பயனர் வரைபடத்தைத் திறக்கும்போதுதான் வருகிறது.

வசதி இவ்வளவு இருந்தும், தன் மாட்யூலின் எல்லாக் கோப்புகளையும் பொதுத் தொகுப்பில் கொட்டிவிடுவதுதான் எளிது. ஒரே வரியில் வேலை முடிந்துவிடும். ஆனால் அந்த மாட்யூலைத் தொடவே தொடாத ஊழியருக்கும் அதன் சுமை போய்ச் சேரும். ஒரு கிலோ சீனி வாங்க வந்தவரிடம் கிடங்கில் உள்ள மூட்டைகளை எல்லாம் தூக்கிக் கொடுப்பது போன்றது இது.

“இப்போதுதான் இணைய வேகம் கூடிவிட்டதே, இதற்கெல்லாம் ஏன் கவலை?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 மெகாபைட் என்பது 24 மெகாபிட். விநாடிக்கு 4 மெகாபிட் மட்டுமே கிடைக்கும் இடத்தில் அது இறங்க 6 விநாடி ஆகும். தோட்டப்புறத்தில் ப்ரீபெய்டு டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிப்பவருக்கு அது பணமும்கூட. இணைப்பு வேகமாக இருந்தாலும் சிக்கல் தீர்வதில்லை. வந்த ஜாவாஸ்கிரிப்டைப் படித்து இயக்க வேண்டியது கைப்பேசியின் செயலகம். அது மெதுவானதாக இருந்தால் 5ஜி வந்தும் பயனில்லை.

அதற்காக ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகப் பிரித்து அனுப்புவதும் சரியல்ல. ஒவ்வொன்றையும் உலாவி சர்வரிடம் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். ஒரு கோப்பு வந்த பிறகே அடுத்தது தேவை என்று தெரிந்தால் காத்திருப்பு இன்னும் நீளும். எப்போதும் தேவைப்படுவதை ஒன்றாகக் கட்டி, எப்போதாவது தேவைப்படுவதைத் தள்ளி வைப்பதே முறை. எது எந்தப் பக்கம் சேரும் என்பதை முடிவு செய்ய, அந்த மென்பொருளை யார் எங்கிருந்து பயன்படுத்துகிறார் என்று தெரிந்திருக்க வேண்டும். நாம் படிக்கும்போதே பழக வேண்டியது இதைத்தான்.

இதற்குப் புதிய பாடம் எதுவும் தேவையில்லை. திட்டப்பணி மதிப்பீட்டில், முதல் திறப்பில் இறங்கும் மொத்த அளவுக்கும் மெதுவான இணைப்பில் ஆகும் நேரத்துக்கும் ஐந்து மதிப்பெண் ஒதுக்கினாலே போதும். மாணவர்கள் தாமாகவே கவனிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

இடைநிலைப்பள்ளிக் கணினிக் கழகத்தில் இருப்பவர்களும் இதை இன்றே செய்து பார்க்கலாம். குரோம் உலாவியில் எஃப்12 விசையை அழுத்தி, நெட்வொர்க் பகுதியைத் திறந்து, இணைப்பு வேகத்தைக் குறைத்து, நீங்கள் உருவாக்கிய பக்கத்தை மீண்டும் ஏற்றுங்கள். கவரேஜ் என்ற பகுதி, இறங்கிய நிரலில் எவ்வளவு பயன்படவே இல்லை என்பதையும் காட்டும். அந்த எண்ணைக் குறைப்பதை உங்கள் அடுத்த திட்டப்பணியின் முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.