சொந்த விமானத்துக்கு 40% வரி: வானத்துக்கு யார் காசு கொடுப்பது?

2025 செப்டம்பர் 22 முதல், சொந்த உபயோகத்துக்கு விமானம் வாங்குபவர் 40% ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும். அதற்கு முன்பு 28% வரியும் 3% இழப்பீட்டு செஸ்ஸும் இருந்தன. சொகுசுப் படகு, சூதாட்டம், கூல்ட்ரிங்க்ஸ் ஆகியவை இருக்கும் அதே அடுக்கில்தான் இப்போது சொந்த விமானமும் இருக்கிறது.

“விமானமே வாங்குறவனுக்கு வரி ஒரு கஷ்டமா?” என்பது ஒரு தரப்பு. “உழைச்சு சம்பாதிச்ச காசுல வாங்குறான், அரசாங்கத்துக்கு ஏன் வயிறு எரியுது?” என்பது இன்னொரு தரப்பு. பெசன்ட் நகர், அடையாறு பக்கம் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் வீடுகள் நிறைய. அங்கே இந்த இரண்டாவது குரல் கொஞ்சம் கூடுதலாகவே கேட்கும். அமெரிக்காவில் கார் மாதிரி விமானம் வைத்திருக்கிறார்களே, இங்கே ஏன் முடியாது என்பதுதான் அவர்கள் கேள்வி. அதற்குப் பதில் தேட, முதலில் அமெரிக்காவையே பார்க்கலாம்.

அமெரிக்க பைலட்கள் எதை எதிர்த்தார்கள்?

அமெரிக்காவில் சொந்தமாகச் சிறு விமானம் வைத்து ஓட்டுபவர்களிடம் குடியரசுக் கட்சிச் சாய்வு அதிகம் என்பது பொதுவான கருத்து. வரி குறைய வேண்டும், கட்டுப்பாடு குறைய வேண்டும், அரசு ஒதுங்க வேண்டும் என்பது அவர்களிடம் அடிக்கடி கேட்கும் வாதம்.

2017 ஜூனில் அதிபர் டிரம்ப், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டை அரசிடமிருந்து பிரித்துத் தனி அமைப்பிடம் தரும் திட்டத்தை ஆதரித்தார். அவர்கள் கொள்கைப்படி கைதட்டியிருக்க வேண்டும். ஆனால் முன்னால் நின்று எதிர்த்தவை விமான உரிமையாளர், பைலட் சங்கங்கள்தான். புதிய அமைப்பு பெரிய விமான நிறுவனங்களின் பிடிக்குள் போய்விடும், இன்று இல்லாவிட்டாலும் நாளை ஒவ்வொரு முறை பறக்கவும் கட்டணம் வரும் என்று அஞ்சினார்கள். சிறு விமானங்களுக்குக் கட்டணம் கிடையாது என்று மசோதாவிலேயே எழுதியும் நம்பவில்லை. 2018 பிப்ரவரியில் திட்டம் கைவிடப்பட்டது.

இதை இரட்டை வேடம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அதில் ஓர் உண்மை இருக்கிறது. விமானத்தை ஒருவர் சொந்தமாக வாங்கலாம். ரேடாரையும் கட்டுப்பாட்டு கோபுரத்தையும் வானிலைத் தகவலையும் தனி ஆளாக வாங்க முடியாது. அவை பொதுப் பணத்தில் நடப்பவை. அமெரிக்காவில் சிறு விமானம் பெருகியதற்குக் குறைந்த வரி மட்டும் காரணமல்ல. ஊருக்கு ஊர் இருக்கும் பொது ஓடுதளங்களும் காரணம்.

இங்கே நடந்தது என்ன?

நம் ஊர்க் கதையும் இதுதான். 1929 பிப்ரவரியில் இந்தியாவின் முதல் பைலட் லைசென்ஸைப் பெற்ற ஜே.ஆர்.டி. டாடா, பம்பாய் ஃபிளையிங் கிளப்பில் பயின்றவர். அந்தக் காலத்து ஃபிளையிங் கிளப்புகள் அரசு மானியத்தில் நடந்தவை. 1932 அக்டோபரில் அவர் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டி வந்த தபால் விமானத்தை, நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மெட்ராஸுக்குக் கொண்டுவந்தார். அந்தச் சேவைக்கு டாடா கேட்ட மானியத்தை அரசு தரவில்லை. தபால் ஒப்பந்தம்தான் கைகொடுத்தது.

1953-ல் விமான சேவை தேசியமயமானது. டாடாவுக்கு அதில் உடன்பாடில்லை. 1959-ல் ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, ‘பெர்மிட் லைசென்ஸ் ராஜ்’ என்று நேரு அரசைச் சாடினார். காங்கிரஸுக்கு நிதி கொடுத்துவந்த டாடா, இனி சுதந்திராவுக்கும் கொடுக்கப்போவதாக 1961-ல் நேருவுக்கே கடிதம் எழுதினார். எதற்கெடுத்தாலும் அனுமதி கேட்க வைக்கும் அரசு தொழிலை முடக்கும் என்ற அவர்கள் வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அரசே இல்லாத வானத்தை அவர்களும் கேட்கவில்லை.

40% வரி யாரைப் பிடிக்கிறது?

பணக்காரர் கட்டட்டும் என்பதில் தவறில்லை. ஆனால் இந்த வரி அவரைப் பிடிக்கிறதா?

சார்ட்டர் போன்ற வணிக சேவைக்கான விமானத்துக்கு வரி 5% மட்டுமே. பெரிய நிறுவனங்கள் முதலாளிக்கான ஜெட்டை, சார்ட்டர் நடத்தும் துணை நிறுவனத்தின் பெயரில் வாங்குவது புதிதல்ல. ‘வணிகம் என்று சொல்லிவிட்டுச் சொந்த உபயோகம்’ என்று சுங்கத் துறை பல ஆண்டுகளுக்கு முன்பே வழக்குகள் நடத்தியிருக்கிறது.

ஆக, ஆடிட்டரும் துணை நிறுவனமும் இருப்பவருக்கு வழி இருக்கிறது. இரண்டு பேர் உட்காரும் பழைய செஸ்னாவை நாலு நண்பர்கள் சேர்ந்து வாங்க நினைத்தால், அவர்கள் தலையில்தான் முழு 40% விழும். இதற்குச் சமத்துவம் என்று பெயர் வைக்க முடியாது.

பெயரளவில் இங்கே கதவு திறந்தேதான் இருக்கிறது. 17 வயது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, குறைந்தது 40 மணி நேரப் பறத்தல், எழுத்துத் தேர்வு, மருத்துவத் தகுதி இருந்தால் தனியார் பைலட் லைசென்ஸ் வாங்கலாம். அதை வைத்துச் சம்பளத்துக்கு ஓட்ட முடியாது. அதற்கு 200 மணி நேரம் பறந்து வணிக லைசென்ஸ் பெற வேண்டும். அந்த மணி நேரங்களுக்கு ஆகும் செலவுதான் நடுத்தரக் குடும்பத்தை வாசலிலேயே நிறுத்துகிறது.

என்ன செய்யலாம்?

வரியை எடையை வைத்துப் பிரிக்கலாம். ஜெட்டுக்கு 40% இருக்கட்டும். இரண்டு, நான்கு இருக்கை கொண்ட சிறு விமானத்துக்கும் கிளப் விமானத்துக்கும் பயிற்சி விமானத்தின் விகிதமே போதும். சார்ட்டர் பெயரில் வந்த ஜெட், வருடத்தில் எத்தனை முறை வெளியாட்களைக் காசுக்கு ஏற்றிச் சென்றது என்று கணக்குக் கேட்கலாம். வரும் பணத்தில் ஒரு பங்கைச் சிறு ஓடுதளங்களுக்கு ஒதுக்கலாம். சேலம் விமான நிலையத்தில் பயிற்சிப் பள்ளிக்கு இடம் ஒதுக்கியது சரியான திசை. அது சேலத்தோடு நிற்கக் கூடாது.

இதில் வலதுசாரிகளும் இடதுசாரிகளும் விட்டுக்கொடுக்க ஆளுக்கொன்று இருக்கிறது. ‘என் விமானம், என் காசு’ என்பவர், ஓடுதளம் தன் காசில் மட்டும் போடப்பட்டதல்ல என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ‘பணக்காரன் பொம்மை’ என்பவர், இன்று அந்தப் பொம்மையில் பழகும் பிள்ளைதான் நாளை நம்மை ஏற்றிக்கொண்டு பறக்கும் பைலட் என்பதை யோசிக்க வேண்டும். ஜெட்டையும் செஸ்னாவையும் ஒரே தராசில் வைக்கும் வரை, ஜெட் வைத்திருப்பவருக்கு எந்த நஷ்டமும் இல்லை.